கோடு என்னுடையது இல்லை

சேலையை மேஜைமேல் விரித்ததும் கனகலட்சுமி டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். "பூவு அழகா இருக்கு ஜெஸி. ஆனா எதுக்கு இத ரூல்டு நோட்டுல வரைஞ்ச?"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பச்சைத் துணியில் கருவேலம்பூ, மஞ்சள் உருண்டைகளாக, நடுநடுவே முள்ளும் பொடி இலையும். நான் வரைந்தது அவ்வளவுதான். ஆனால் துணியில் நான் வரையாத ஒன்றும் இருந்தது. தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு சேலையின் நீளம் முழுக்க ஓடியது. அதற்குக் கீழே இன்னொன்று. கட்டிக்கொண்டு நின்றால் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு, முழங்காலைச் சுற்றி ஒரு கோடு.

அது டீச்சர்மாருக்கான யூனிபார்ம் சேலையின் மாதிரி. அம்மா வேலை பார்க்கும் மிஷன் ஸ்கூலில் திங்கள்கிழமை எல்லா டீச்சரும் ஒரே சேலையில் வர வேண்டும். வருஷா வருஷம் சூரத்திலிருந்து வருகிற டிசைன்தான் எடுப்பார்கள். இந்த வருஷம் நான் சண்டை போட்டு என் டிசைனை நுழைத்திருந்தேன். "முள்ளு மரத்துப் பூவையா சேலையில போடுவாக?" என்று கேட்டவர்களையெல்லாம் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்திருந்தேன். இப்போது அதே ஆட்கள் கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனிமேரி டீச்சர், அதாவது என் அம்மா, சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கொண்டே இருந்தாள். அம்மா பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

"வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங். அதுக்குள்ள கோடு போனாப் பாப்போம். இல்லேன்னா பழையபடி சூரத்துதான்" என்று கனகலட்சுமி டீச்சர் சேலையை மடித்துக் கையில் கொடுத்தார். கணக்கு டீச்சர். இரக்கம் எல்லாம் கூட்டல் கழித்தல் போட்டுத்தான் வரும்.

வீட்டுக்கு வரும் வழியில், பசுமலை ஸ்டாப்பில் இறங்கிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். "நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட பேச்சு அது. "இந்த ஒரு சேலை. ஒழுங்கா வந்தா உன் இஷ்டப்படி படம் வரை. வரலேன்னா ஜூன்ல பி.எட். சேந்துரணும்" என்று அம்மா சொன்னபோது, எவ்வளவு திமிர் இருந்தால் நான் சரி என்று கையை அடித்திருப்பேன். சேலை ஒழுங்காக வராமல் போகும் என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

பி.எட். படிப்பு மோசம் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரைத் தட்டினாலும் சாக்பீஸ் தூள்தான் கொட்டும். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. துணியில் ஓடும் டிசைன் முழுவதையும் யாரும் வரைவதில்லை. ஒரே ஒரு கட்டம் வரைவோம். தரையில் டைல்ஸ் பதிக்கிற மாதிரி மிஷின் அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்துக்கொண்டே போகும். வலது ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்ட பூ, இடது ஓரத்தில் மீதியாகத் தொடங்க வேண்டும். எங்கே ஒரு கட்டம் முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பார்க்கிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் நான் தோற்றேன். அந்த ஒளித்துவைக்கிற வேலையில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை அம்மாவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் சந்தோஷத்தின் குறுக்கே அந்த வெள்ளைக் கோடு கிடந்தது.

மறுநாள் காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். சேலையை அடித்துக் கொடுத்த அழகுபாண்டி அண்ணனின் பிரிண்டிங் யூனிட் வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், மெயின் ரோட்டை விட்டு உள்ளே, தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகர ஷெட். முன்பெல்லாம் பிளக்ஸ் போர்டு அடித்துக்கொண்டிருந்தவர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்து அலுத்து, துணியில் அடிக்கும் மிஷினை வாங்கிப் போட்டிருக்கிறார். நல்ல மனுஷன். ஆனால் அவர் தப்பு என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. மின்சாரத் தப்பு உண்டு, மைத் தப்பு உண்டு, துணித் தப்பு உண்டு.

இந்தத் தடவை என் தப்பு.

"உன் டிசைன்லதாம்மா கோளாறு" என்றார், நாற்காலியைக்கூட இழுத்துப் போடாமல். "சூரத்து டிசைன் எம்புட்டோ அடிச்சிருக்கேன். ஒண்ணுல கோடு விழுந்துச்சா? பாண்டீஸ்வரியக் கேளு. உன்னோடதுல மட்டும் எப்படி விழுகுது?"

பாண்டீஸ்வரி அக்கா மிஷினை ஓட்டுகிறவர். துணியை ஏற்றிக்கொண்டே என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் சொன்னது உண்மை என்று அர்த்தம்.

"எங்கிட்ட திரையில கோடு இல்லண்ணே."

"திரையில இல்லாதது துணியில எப்படி வரும்? நான் என்ன பேனா வச்சா போட்டேன்?"

"என் பைல்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"உன் பைல நான் தொட்டதே இல்ல" என்றார். "வந்தது வந்தபடி மிஷினுக்குப் போகுது. எங்க அய்யா மேல சத்தியமா." இடது பக்கம் சுவரில் மாலையோடு இருந்த அப்பா படத்தைக் கையால் காட்டினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இந்தக் கோட்டு வியாதி எனக்கு மட்டும் வந்ததல்ல. உலகம் முழுக்க இந்த வேலை செய்கிற எல்லாரும் இணையத்தில் அதைப் பற்றிப் புலம்பி வைத்திருக்கிறார்கள். படமாக மாற்றும்போது ஓரங்களை மென்மையாக்கும் தேர்வை அணை என்றார்கள். அணைத்தேன். கட்டத்தின் அளவு முழு எண்ணாக இருக்க வேண்டும், புள்ளி வைத்துப் பின்னால் ஏதும் இருந்தால் அந்தத் துக்கடா கோடாகிவிடும் என்றார்கள். முழு எண்ணாகத்தான் இருந்தது. பின்னணிப் பச்சையைக் கட்டத்துக்கு வெளியேயும் இழுத்துவிட்டு, பிறகு சரியாக வெட்டி எடு என்றார்கள். செய்தேன். ஒவ்வொன்றையும் செய்து யூனிட்டுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் பாண்டீஸ்வரி அக்கா ஒரு முழத் துண்டு அடித்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு போட்டோவிலும் கோடு சௌகரியமாகப் படுத்திருந்தது.

அம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "போகலையா?"

"போகும்."

"பிடிவாதம் மட்டும் அப்படியே உங்க அப்பா."

"வேலையில ரோஷம் அப்படியே உன்னை மாதிரி. அதையும் சேத்துச் சொல்லு." அம்மா தோசைக் கல்லை அடுப்பில் வைத்தாள்.

கோபத்தில்தான் மாதிரிச் சேலையை மறுபடி எடுத்து, போன் கேமராவைப் பெரிதாக்கி, கோட்டை ஒட்டியே அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, கோடு நெடுக்கே மட்டும்தான் ஓடுகிறது. குறுக்கே இல்லவே இல்லை. ஊர் உலகம் சொல்கிற வியாதி என்றால் கட்டத்தின் எல்லாப் பக்கமும் வர வேண்டும். இது மேல் பக்கத்தில் மட்டும் வந்திருக்கிறது. இரண்டாவது, கோடு முழுசாகவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே இடத்தில், கடுகில் பாதி அளவுக்கு, பச்சை வந்து கோட்டை அறுக்கிறது. இடது மூலைக்குப் பக்கத்தில்.

என் பைலில் அந்த இடத்தில் எதுவும் கிடையாது. இலைகூடக் கிடையாது.

போன் செய்து சொன்னேன். "மை தெறிச்சிருக்கும்" என்றார் அழகுபாண்டி அண்ணன். "எல்லாக் கட்டத்துலயும் ஒரே எடத்துல தெறிக்குமா?" என்றேன். "ஏம்மா, ரொம்ப நோண்டாத. நான் அதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன். வியாழக்கிழமை வா, அசந்துருவ" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை போய் உண்மையிலேயே அசந்துபோனேன். ஷெட்டில் கொடியில் ஒரு முழுச் சேலை தொங்கியது. வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் எல்லாம் விரல் அகலத்துக்குத் தங்க நிறப் பட்டை ஓடியது. என் கருவேலம்பூக்களின் கழுத்தை அறுத்துக்கொண்டு, முள்ளை முறித்துக்கொண்டு, கல்யாண மண்டப வாசல் வளைவு மாதிரி பளபளவென்று ஒரு பட்டை.

"எப்படி?" என்றார் அழகுபாண்டி அண்ணன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "கோடு தெரியுதா இப்ப? அதையே டிசைனாக்கிட்டேன்ல. யாரு கேக்கப் போறா? டீச்சருக கேட்டா, இதான் இப்ப பேஷன்னு சொல்லிரு."

சேலையின் உள் முனையில், இடுப்பில் செருகும் மூலையில், பொடி எழுத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. வரைந்தது: ஜெஸி. அதை முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தேன். என் பெயரோடு வருகிற முதல் துணி. அந்தப் பெயரையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன். இதைக் கட்டிக்கொண்டு எங்கள் டீச்சர்மார் திங்கள்கிழமை தோறும் ஜெபக் கூட்டத்தில் வரிசையாக நிற்பதை நினைத்தேன். பி.எட். அதைவிட எவ்வளவோ கௌரவம்.

கட்டிங் மேஜையில் கத்தரிக்கோல் கிடந்தது. எடுத்து என் பெயர் இருந்த மூலையை மட்டும் நறுக்கென்று வெட்டிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஏத்தா, சேலைய வெட்டிட்டியே" என்றார் அவர். பாண்டீஸ்வரி அக்கா மிஷினை நிறுத்திவிட்டார்.

"பேரு என்னோடது. எடுத்துக்கிட்டேன். கோடு உங்களோடது. நீங்களே வச்சுக்கங்க."

"கோடு என்னோடதா?" அவர் முகம் கறுத்துவிட்டது. "என் மிஷினையா சொல்ற?"

"மிஷினச் சொல்லல. எங்கிட்ட இருந்து வரும்போது கோடு இல்ல. மிஷினுக்குப் போகும்போது இருக்கு. நடுவுல இந்த ஷெட்டுல என்னமோ நடக்குது. என்னன்னு தெரியாம என் டிசைன்மேல பட்டை போடவும் விடமாட்டேன், என் பேரப் போடவும் விடமாட்டேன்."

"நான்தான் தொடலைன்னு எங்க அய்யா மேல சத்தியம் பண்ணுனேன்ல? நம்பிக்கை இல்லையா? வா. இப்பயே உன் கண்ணு முன்னால உன் பைலத் தொறந்து, மொதல்லருந்து கடைசி வரைக்கும் செஞ்சு காட்டுறேன். கோடு விழுந்தா நீ வாயத் தொறக்கப்படாது."

"எப்பவும் செய்ற மாதிரியே செய்யணும். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அப்படியேதான் செய்வேன். நில்லு."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். என் பைல் திறந்தது. கட்டம் பச்சையாக, பூக்களோடு, திரையில் நின்றது. இடது மேல் மூலையைப் பெரிதாக்கினார். நிறம் உறிஞ்சும் குழாயை எடுத்துப் பின்னணிப் பச்சையைத் தொட்டார். கீபோர்டில் ஒரு தட்டு. திரையில் எதுவும் தெரியவில்லை. மௌஸை மூலையை நோக்கி லேசாக இழுத்தார். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். பிறகு கட்டத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கி, படமாக மாற்றும் கட்டளைக்குப் போனார்.

"நில்லுங்கண்ணே. இப்ப என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"மூலையில என்னமோ பண்ணுனீங்களே."

"எந்த மூலையில?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். நான் குனிந்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்தேன். பூ, இலை, முள் எல்லாவற்றையும் சுற்றி நீல நிற விளிம்புகள் வந்தன. இடது மேல் மூலையில், நான் வரையாத ஒரு சின்ன உருவத்துக்கும் நீல விளிம்பு வந்தது. பெரிதாக்கினேன். பச்சைமேல் பச்சையாக ஒரு பிள்ளையார் சுழி. உடம்பெல்லாம் கட்டத்துக்குள்ளே இருந்தது. தலை மட்டும் ஒரு முடியளவு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னண்ணே?"

"இதுவா?" என்றார், அப்பாடா என்ற குரலில். "பிள்ளையார் சுழி. அது போடாம எப்படி ஆரம்பிக்கிறது?"

"பைலத் தொடவே இல்லைன்னு சொன்னீங்க."

"தொடலையேம்மா. சுழி போட்டா தொட்டதா ஆகுமா? கல்யாணப் பத்திரிகையில மஞ்சள் தடவுனா, பத்திரிகைய மாத்திட்டேன்னா சொல்லுவோம்?"

எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பொய் சொல்கிற ஆளோடு நன்றாகச் சண்டை போடலாம். இவர் அப்பா மேல் செய்த சத்தியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சுழி போடுவது வேலையில் சேராது. அது வேலைக்கு முந்தியது. மூச்சு விடுவதை யாராவது கணக்கில் சொல்வார்களா.

ஆனால் கோடு அங்கேதான் இருந்தது. சொல்லாமல் விடவும் முடியாது.

"அண்ணே, கோடு இதனாலதான் விழுகுது."

அழகுபாண்டி அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். "பாண்டீஸ்வரி, கேட்டியா? பிள்ளையாராலதான் கோடு விழுகுதாம்." பிறகு என்னிடம், சத்தம் போடாமல், "நீ வேதக்காரப் பிள்ளை. உனக்கு அப்படித்தான் தோணும்" என்றார்.

சுருக்கென்று தைத்தது. இவரிடம் வந்து எவ்வளவு காலமாக டீ குடிக்கிறேன், ஒரு நாளும் கிறிஸ்தவள் என்று பிரிக்கும் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போயிருந்தால் அந்தக் கோடும் அந்தச் சொல்லும் அப்படியே நின்றிருக்கும். நான் போகவில்லை. பாண்டீஸ்வரி அக்கா உட்காரும் ஸ்டூலை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"எங்கம்மா கொஸ்டின் பேப்பர் எழுதுனா மேல சின்னதா ஒரு சிலுவை போடாம முதல் கேள்விய எழுத மாட்டாங்க. நானும் பரீட்சைப் பேப்பர்ல போட்டுத்தான் பாஸ் பண்ணுனேன். எங்கம்மா வந்து இதே மூலையில சிலுவை போட்டிருந்தாலும் இதே கோடுதான் விழுந்திருக்கும். கோட்டுக்குச் சாமி பேதம் தெரியாதுண்ணே. ஓரத்துக்கு வெளிய ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கா இல்லையா, அம்புட்டுதான் அதுக்குத் தெரியும்."

நான் பேப்பரை எடுத்து வரைந்து காட்டினேன். கட்டம் ஒரு அளவு. சுழியின் தலை முடியளவு வெளியே. படமாக மாற்றும்போது கம்ப்யூட்டர் அந்தத் தலையையும் விட்டுவிடக் கூடாது என்று கட்டத்தை ஒரு முடி உயர்த்திக்கொள்கிறது. உயர்ந்த அந்த இடத்தில் சுழியின் தலை மட்டும்தான் பச்சை. மற்றதெல்லாம் வெறும் துணி. வெறும் துணி வெள்ளை.

"இந்தா பாருங்க." மாதிரிச் சேலையைப் பையிலிருந்து எடுத்துக் கோட்டில் அந்தக் கடுகளவு பச்சையைக் காட்டினேன். "மை தெறிச்சதுன்னீங்களே. இதுதான் சுழியோட தலை. கட்டத்துக்கு ஒண்ணு."

அவர் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அப்ப சூரத்து டிசைனுக்கு? அதுலயும் நான் போடத்தான செய்றேன்?"

"அது ஏற்கெனவே போட்டோவா மாறி வருது. சட்டம் போட்டு அடைச்ச படம். வெளிய நீட்டுனதைச் சட்டமே வெட்டிரும். என்னோடது இன்னும் திறந்து கிடக்கிற வரைபடம். ஓரத்துல யாரு வந்து உக்காந்தாலும் எடம் விட்டுக் குடுக்குது."

பாண்டீஸ்வரி அக்கா துணியை எட்டிப் பார்த்தார். "அந்தப் பிள்ளை சொல்றது சரிதாண்ணே. எல்லாத் துண்டுலயும் இந்தப் புள்ளி இருந்துச்சு."

"சரி தப்பு இருக்கட்டும்" என்றார் அழகுபாண்டி அண்ணன். குரல் திடமாகத்தான் இருந்தது. "சுழி போடாம என் மிஷின்ல ஒரு முழம் துணி ஓடாது. பிளக்ஸ் போட்ட காலத்துல ஒரு தடவ மறந்துட்டு அடிச்சேன். மொத நாளே மிஷினு புகைஞ்சுபோச்சு. உன் டிசைனுக்காக நான் அத விடமாட்டேன். முடியாதுன்னா முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஷெட்டில் பிடிவாதக்காரி நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"விடச் சொல்லவே இல்லண்ணே. உள்ள தள்ளுங்க."

"சுழி மேலதான் இருக்கணும். நடுவுல போட அது என்ன உன் பூவா?"

"மேலதான். ஓரத்துக்கு இந்தப் பக்கம். வீட்டுல சாமி படத்தைச் செவத்துல மாட்டுறீங்களா, செவத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு மாட்டுறீங்களா?"

அவர் அப்பா படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நான் மௌஸில் கை வைக்கப் போனேன். "இரு" என்று தடுத்தார். "சாமிய நீ நகட்டாத. நானே நகட்டுறேன்."

சுழியைத் தேர்ந்தெடுத்தார். கீழ் நோக்கும் அம்புக்குறியை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். "போதுமா?"

"இன்னும்."

இன்னொரு தட்டு. "போதுமா?"

"தலை இன்னும் வெளிய இருக்குண்ணே."

"பாவம், மூச்சு முட்டாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் தட்டினார். தலை முழுசாகப் பச்சைக்குள் இறங்கியது. நான் கட்டத்தின் அளவைச் சரிபார்த்தேன். என்னுடைய முழு எண் திரும்ப வந்திருந்தது. அவர் கண்ணை மூடித் திறந்து, படமாக மாற்றி, மிஷினுக்கு அனுப்பினார்.

பாண்டீஸ்வரி அக்கா துணியை ஓட விட்டார். மிஷினின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிப் பச்சையைப் பூசிக்கொண்டு வந்தது. பூ வந்தது. முள் வந்தது. மேல் கட்டமும் கீழ்க் கட்டமும் சேரும் இடம் உருளைக்கு மேலே நெடுக்கே வரத் தொடங்கியதும் மூன்று பேரும் குனிந்து நின்றோம். பாதிப் பூ ஒன்று வந்து மீதிப் பூவோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் எதுவும் இல்லை. துணி ஓடிக்கொண்டே இருந்தது, கோடு வரவே இல்லை. அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அழகுபாண்டி அண்ணன் துணியைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார், கோடு அங்கே போய் ஒளிந்திருக்குமோ என்று. இல்லை. மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர். "நல்ல மிஷினு" என்றார்.

"நல்ல டிசைனு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். டீ வந்தது. என் கிளாஸை அவரே எடுத்து நீட்டினார். "வேதக்காரப் பிள்ளைன்னு சொன்னத மனசுல வச்சுக்காத."

"வச்சுக்குவேன்" என்றேன். "கொஞ்ச நாளைக்கு."

"சரி, வச்சுக்க." டீயை ஊதிக் குடித்தார். "சேலையில பேரு போடவா வேணாமா? அதான் வெட்டிட்டுப் போறியே."

"போடணும். எல்லாச் சேலையிலயும் போடணும்."

வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் கனகலட்சுமி டீச்சர் சும்மா பார்க்கவில்லை. அடி ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு தேடினார். ஒரு கட்டம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தே தீருவேன் என்றார். ஒரு முள்ளைக் காட்டி "இங்கதான" என்றார். "இல்ல டீச்சர்" என்றேன். இன்னொரு பூவைக் காட்டினார். அதுவும் இல்லை. மற்ற டீச்சர்களும் கூடிக்கொண்டு ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். பெல் அடித்தது. "சரி, இதையே எடுத்துருவோம்" என்று ஸ்கேலைக் கீழே வைத்தார். அம்மா அந்தக் கூட்டத்திலிருந்து தள்ளி நின்றாள். தேடவும் இல்லை, எதையும் காட்டவும் இல்லை.

சேலைகள் அடித்து வந்து சேர்ந்த பிறகு, முதல் திங்கள்கிழமை காலை. அம்மா கண்ணாடி முன்னால் நின்று சேலை கட்டிக்கொண்டிருந்தாள். கொசுவத்தைப் பிடித்துவிட நான் கீழே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். பி.எட். பேச்சை எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். கோடு போனதை உன் கண்ணால் பார்த்தாய், பேச்சு பேச்சுதான், நான் போக மாட்டேன். ஒரு டீச்சரை எதிர்த்துப் பேசுவதென்றால் பாடத்தை ஒப்பிப்பது மாதிரி மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அம்மா உள் முனையை இடுப்பில் செருகப் போனவள், கையை நிறுத்தினாள். மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி போடாமல் பொடி எழுத்தைப் படிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உன் பேரா இது?"

"ஆமா."

"இத இங்க போட்டா, செருகுனதும் உள்ள போயிருமே. யாருக்குத் தெரியும்?"

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது வேறு கேள்விக்கு.

அம்மா முனையைச் செருகி, கொசுவத்தை எடுத்துச் சேர்த்து, முந்தியைத் தோளில் போட்டுப் பின் குத்தினாள். கருவேலம்பூ இடுப்பைச் சுற்றி ஒரு கோடும் இல்லாமல் ஓடியது. கைப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே, எப்போதும் போல அதட்டும் குரலில் சொன்னாள்: "அடுத்த தடவ முந்தியில போடச் சொல்லு."

நான் குனிந்து கொசுவத்தை இன்னொரு தரம் நீவிவிட்டேன். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.